பவானிக்கு எத்தனை பங்காளிகள்?

'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல்லை அரசு அறிக்கைகளில் 'பங்குதாரர்' என்று போடுகிறார்கள். படித்தால் ஷேர் மார்க்கெட்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது எனக்கு 'பங்காளி' என்ற நம்மூர்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. பங்காளியை யாரும் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்வதில்லை. பிறக்கும்போதே கூட வந்துவிடுகிறார். பிடிக்கவில்லை என்று விலக்கவும் முடியாது. ஒரே சொத்தில் அவருக்கும் பாத்தியதை உண்டு. வரப்புச் சண்டை வரும், கோர்ட்டுக்குப் போவார்கள், வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அப்படியும் ஒரு நல்லது கெட்டது என்றால் வந்து நின்றாக வேண்டும். ஒரே ஆற்றை நம்பியிருக்கிற ஊர்களின் உறவும் இதே கதைதான்.

இந்தப் பங்காளிகள் எல்லோரையும் உட்காரவைத்து, 'இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இவ்வளவு தேவை இருக்கிறது, பற்றாக்குறை வந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதைத்தான் பங்கேற்பு முறையிலான வடிநிலத் திட்டமிடல் என்கிறார்கள். பெயர்தான் நீளம், விஷயம் இவ்வளவுதான். வடிநிலம் என்றால், எங்கே மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் ஒரே ஆற்றில் வந்து சேருமே, அந்த மொத்த நிலப்பரப்பு. அதற்கு மாவட்ட எல்லை, மாநில எல்லை, சட்டமன்றத் தொகுதி எதுவும் தெரியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் வடிநிலத்தின்படி ஓடுகிறது; கோப்புகள் மாவட்டத்தின்படியும் துறையின்படியும் ஓடுகின்றன.

பொதுவாகப் பேசினால் இது மண்டையில் ஏறாது. அதனால் பவானி ஆற்றை எடுத்துக்கொள்வோம். பெரிய ஆறு இல்லை, காவிரியின் துணையாறுதான். ஆனால் ஒரு வடிநிலத்தில் என்னென்ன வகைப் பங்காளிகள் இருக்க முடியுமோ, அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள்.

மலையிலிருந்து கூடுதுறை வரை

பவானி நீலகிரியில் பிறக்கிறது. பிறந்த கையோடு கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியில் முக்காலி என்ற இடத்தில் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வழியில் சிறுவாணி சேர்ந்துகொள்கிறது. பில்லூரில் ஓர் அணை. மின்சாரத்துக்காகக் கட்டியது, இன்று கோவைக்குக் குடிநீரும் அங்கிருந்து போகிறது. மேட்டுப்பாளையத்தில் சமவெளிக்கு இறங்கி, முதுமலைப் பக்கமிருந்து வரும் மோயாற்றோடு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அப்புறம் சத்தியமங்கலம், கோபி அருகே கொடிவேரி அணைக்கட்டு, கடைசியாகப் பவானி ஊரில் காளிங்கராயன் அணைக்கட்டு. அதைத் தாண்டினால் கூடுதுறை, காவிரி.

இந்தப் பயணத்தில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று பாருங்கள். மேலே கேரளம். காவிரி நடுவர் மன்றம் 2007ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானி உபவடிநிலத்துக்கு உரியது. அட்டப்பாடியில் ஒரு தடுப்பணை வேலை தொடங்கியதாகச் செய்தி வந்தால் மறுநாளே கோவையில் போராட்டம் நடப்பது இதனால்தான். அடுத்து மின்வாரியம். அதற்கடுத்து கோவை, திருப்பூர், மேட்டுப்பாளையம், சத்தி என்று குடிநீர்த் திட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆற்றோரத் தொழிற்சாலைகள். பவானிசாகர் அணையில் மீன் பிடிக்கிறவர்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கின் யானைகள். அணைக்குக் கீழே விவசாயிகள். அவர்களும் ஒரே தரப்பு இல்லை, குறைந்தது மூன்று தரப்பு. எல்லாம் போக மிஞ்சுவது காவிரியில் சேர்ந்து டெல்டாவுக்குப் போகிறது. ஆகவே தஞ்சாவூர்க்காரரும் ஒரு தூரத்துப் பங்காளி.

ஒரு டி.எம்.சி. என்றால்

நாளிதழில் தினமும் வரும் சொல், ஆனால் பலருக்கும் அளவு பிடிபடாத சொல். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி. வாய்க்காலில் விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும்.

இதிலும் ஒரு பிடி கிடைக்காவிட்டால் இப்படிப் பாருங்கள். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பது வழக்கம். பத்து லட்சம் பேர் உள்ள ஊருக்கு ஒரு நாளைக்கு 13.5 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. அந்த ஊருக்கு ஏறக்குறைய ஏழு மாதம் வரும். அதே ஒரு டி.எம்.சி.யைக் கீழ்பவானி வாய்க்காலில் நன்செய்க்கு விட்டால் சுமார் 4,300 ஏக்கருக்கு ஒரு போகம் வரும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை புரிந்துவிடும். 'நாங்கள் கேட்பது துளி' என்று நகரம் சொல்வதும் நியாயம்தான். அந்தத் துளி, காய்ந்த வருஷத்தில் கடைமடையின் முழுப் போகமாக இருக்கும் என்று விவசாயி சொல்வதும் நியாயம்தான்.

2024ல் தொடங்கிய பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டம் நாளொன்றுக்குச் சுமார் 17.8 கோடி லிட்டர் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. முழு அளவில் ஓடினால் வருஷத்துக்கு 2.3 டி.எம்.சி.க்குப் பக்கம். 32.8 டி.எம்.சி. கொள்ளளவுள்ள பவானிசாகருக்கு முன்னால் இது சின்ன எண்தான். ஆனால் குடிநீருக்கு ஒரு குணம் உண்டு: அது குறையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கோவைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். 2002ன் தேசிய நீர்க் கொள்கையும் குடிநீருக்கு முதலிடம், அதற்கடுத்து பாசனம் என்றுதான் வரிசை போட்டது. குடிநீர் நிலையாக நிற்க, ஏற்ற இறக்கம் முழுவதையும் பாசனம் சுமக்கிறது. திட்டமிடலின் பேச்சு இங்கே தொடங்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் யாரும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

முதலில் வந்தவரா, பிறகு வந்தவரா

அணைக்குக் கீழே உள்ள விவசாயிகளைப் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று பிரிப்பார்கள். ஆயக்கட்டு என்றால் ஒரு வாய்க்காலோ அணையோ பாசனம் தரும் நிலப்பரப்பு. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குப் பாய்கின்றன. காளிங்கராயன் வாய்க்கால் 13ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். சுமார் 15,700 ஏக்கர். இரண்டும் பவானிசாகர் அணைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. அணையே 1948ல் தொடங்கி 1955ல்தான் முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. இதுதான் புதிய ஆயக்கட்டு.

பழைய ஆயக்கட்டுக்காரர் சொல்வது: 'அணை கட்டுவதற்கு முன்னாலேயே இந்த ஆறு எங்கள் வயலுக்குப் பாய்ந்தது. எங்களுக்குக் கொடுத்தது போகத்தான் மற்றவர்களுக்கு.' சட்டத்தில் முன்னுரிமை என்று இதற்கு மதிப்பு உண்டு. புதிய ஆயக்கட்டுக்காரர் சொல்வது: 'நீங்கள் 40,000 ஏக்கர், வருஷத்துக்கு இரண்டு போகம் நெல். நாங்கள் இரண்டு லட்சம் ஏக்கர், ஆளுக்கு ஒரு முறைதான். இது என்ன கணக்கு?' எண்ணிக்கை, சமத்துவம் என்று பார்த்தால் இதற்கும் மதிப்பு உண்டு. யார் சரி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூத்தவர் வழியா, தலைக்கட்டு எண்ணிக்கையா என்பது நம் வீட்டுப் பாகப்பிரிவினையிலேயே தீராத வழக்கு.

புதிய ஆயக்கட்டுக்குள்ளேயே ஒரு பங்கீட்டு முறை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. திட்டம் போட்டபோது பருத்தி, சோளம் மாதிரி புன்செய்ப் பயிர்களைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்ததும் சனங்கள் நெல் போட்டார்கள். மொத்த நிலத்துக்கும் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்க அணையில் இருப்பு போதாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்தார்கள். இந்த வருஷம் ஒரு பிரிவுக்கு ஆகஸ்ட் மாதம் தொடங்கி நன்செய்த் தண்ணீர். மறு பிரிவுக்கு ஜனவரிக்கு மேல் புன்செய்த் தண்ணீர், நிலக்கடலை, எள் என்று. அடுத்த வருஷம் அப்படியே மாறிக்கொள்ளும். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு திறந்தால் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இரட்டைப்படை மதகு திறக்கும்.

மதகின் மேல் பெயிண்டில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்தாலே, இந்த வருஷம் இந்த வயலில் நெல்லா கடலையா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு பெரிய சண்டையை எவ்வளவு சின்ன விஷயத்தில் முடித்து வைத்திருக்கிறார்கள்! எண்ணை யாரும் திரித்துச் சொல்ல முடியாது. ஷட்டரைத் திறக்கும் லஸ்கருக்கும் சரி, படிக்காத விவசாயிக்கும் சரி, ஒரே பார்வையில் தெரியும். இந்த வருஷம் விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த வருஷம் நிச்சயம் கிடைக்கும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். நன்செய்க்கு விநாடிக்கு 2,300 கனஅடி, 120 நாள். பெருக்கினால் 24 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. புன்செய் முறைக்கு விட்டு விட்டுக் கொடுப்பதால் அதில் ஏறக்குறைய பாதி. இரண்டையும் கூட்டினாலே அணையின் முழுக் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. பழைய ஆயக்கட்டையும் குடிநீரையும் இன்னும் சேர்க்கவே இல்லை. அதாவது நிரம்பிய அணையை வைத்து ஒரு வருஷத்தை ஓட்ட முடியாது. தண்ணீர் விட விட மேலே மலையில் மழையும் பெய்துகொண்டிருக்க வேண்டும். ஆகஸ்டில் மதகைத் திறப்பதே ஒரு பந்தயம்தான். தோற்றால் யாருக்கு நிறுத்துவது என்பதைத் தோற்பதற்கு முன்னாலேயே பேசி வைக்க வேண்டும்.

வீணாகும் தண்ணீர் யாருடையது

சில வருஷங்களுக்கு முன்னால் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் எதிர் வரிசையில் இருவர். பெரியவருக்கு வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் தென்னந்தோப்பு, கிணற்றுப் பாசனம். இளையவருக்குக் கடைமடைப் பக்கம் நிலம். பேச்சு, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதில் வந்து நின்றது.

"எங்க மதகுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள முறையே முடிஞ்சு போகுதுங்க மாமா. பாதி மண்ணுக்குள்ளயே போயிருது."

"மண்ணுக்குள்ள போறது எங்க போகுதுன்னு நெனச்சீங்க மாப்ளே? எங்க கெணத்துக்குத்தான் வருது."

"அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க?"

"நாங்க என்ன பண்றது?"

ரசம் வந்துவிட்டது. இருவரும் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கீழ்பவானி சீரமைப்புச் சண்டை முழுவதும் அந்த நாலு வரியில் இருக்கிறது. வாய்க்கால் மண் வாய்க்கால். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியதில் கரை பலவீனமாகி அவ்வப்போது உடைப்பு எடுக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் சரியாகப் போவதில்லை. 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கரையைப் பலப்படுத்தி, கான்கிரீட் போட்டுக் கசிவைத் தடுக்க அரசு திட்டம் போட்டது. ஒரு பகுதி விவசாயிகள் வரவேற்றார்கள். இன்னொரு பகுதியினர் எதிர்த்தார்கள்: கசிவு நின்றால் கிணறு வற்றும், ஊர்க் குடிநீர்க் கிணறுகள் வற்றும், கரையோர மரங்கள் போய்விடும் என்று. உண்ணாவிரதம், கடையடைப்பு எல்லாம் நடந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொறியாளரின் தாளில் கசிவு என்பது 'இழப்பு' என்ற கட்டத்தில் இருக்கும். அது தப்பில்லை, வாய்க்காலை மட்டும் பார்த்தால் இழப்புதான். வடிநிலத்தைப் பார்த்தால் அந்தத் தண்ணீர் எங்கேயும் தொலைந்து போகவில்லை. கிணற்றில் ஊறுகிறது, பள்ளத்தில் ஓடுகிறது, அதைத் தேக்கிப் பாசனம் செய்யும் சின்னச் சின்ன அமைப்புகள் இருக்கின்றன, கொஞ்சம் மறுபடி ஆற்றுக்கே வருகிறது. ஒருவர் ஏட்டில் செலவு, இன்னொருவர் ஏட்டில் வரவு. கான்கிரீட் போடுவதால் புதிதாக ஒரு சொட்டும் உண்டாவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தண்ணீர் மாறுகிறது. அப்படி மாற்றுவது நியாயமாகவும் இருக்கலாம். கடைமடைக்காரருக்கு அரசு ஆவணத்தில் எழுதிக்கொடுத்த உரிமை இருக்கிறது. ஆனால் 'தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம்' என்று பெயர் வைத்து அதைச் செய்தால், கிணற்றுக்காரருக்குக் கோபம் வருமா வராதா?

ஆற்று நீர்ச் சண்டை என்றால் யாருக்கு எத்தனை பங்கு என்பதுதான் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு முன்னால், கணக்கில் யார் இருக்கிறார் என்பதில் ஒரு சண்டை இருக்கிறது. என் அனுபவத்தில் பெரிய சண்டை அதுதான். திட்ட ஆவணத்தில் 'வீண்', 'உபரி', 'கடலில் கலக்கிறது' என்ற சொற்கள் வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அநேகமாக அங்கே கணக்கில் வராத ஒரு பங்காளி உட்கார்ந்திருப்பார்.

நாற்காலி இல்லாதவர்கள்

தமிழ்நாட்டில் பாசன மேலாண்மையில் விவசாயிகள் பங்கேற்பதற்கென்று 2000ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன, தேர்தல் நடந்தது, தலைவர்கள் வந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்தான் உறுப்பினர். குத்தகைக்கு ஓட்டுகிறவர், நடவுக்குப் போகும் கூலிப் பெண்கள், ஆயக்கட்டுக்கு வெளியே கசிவை நம்பிக் கிணறு வைத்திருப்பவர், மீன்பிடிக்கிறவர் எவருக்கும் அங்கே நாற்காலி கிடையாது. தண்ணீர் நின்றால் முதல் அடி விழுவது பல நேரம் கூலிக்குப் போகிறவர் மேல்தான். நிலக்காரருக்கு அந்தப் போகம் போகும். அவருக்கு அந்த மாதத்துச் சோறு போகும்.

பேச முடியாத பங்காளி ஆறுதான். பொதுவாக அது யார் பட்டியலிலும் வருவதில்லை. காவிரித் தீர்ப்பில் நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. தனியாக வைத்தது, அந்த மாதிரி ஒரு வரி எழுதப்படுவதே பெரிய விஷயம். ஆற்றில் குறைந்தபட்ச ஓட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பவானிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிறுமுகையில் ஒரு விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் அணைக்குள் வந்த தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழிவை நீர்த்துப்போகச் செய்வதற்கும் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே தண்ணீரின் அளவைத் தனியாகவும் தரத்தைத் தனியாகவும் திட்டமிடுவதில் அர்த்தமில்லை.

குழாயை எங்கே வைப்பது

இவ்வளவும் கேட்டால், பங்காளிகளை எல்லாம் கூட்டிப் பேசி ஒரு காரியமும் நடக்காது என்று தோன்றும். நடந்திருக்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள்.

அவிநாசி, அன்னூர்ப் பக்கம் வறண்ட பூமி. ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடிக்குப் போனாலும் தண்ணீர் நிச்சயமில்லை என்பார்கள். பில்லூருக்கு அருகே அத்திக்கடவிலிருந்து பவானி வெள்ளநீரை எங்கள் குளங்களுக்குக் கொண்டு வாருங்கள் என்பது அவர்களின் அரை நூற்றாண்டுக்கு மேலான கோரிக்கை. திட்டத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அத்திக்கடவு பவானிசாகர் அணைக்கு மேலே இருக்கிறது. அங்கே எடுத்தால் அணைக்கு வர வேண்டிய தண்ணீரில் கை வைத்ததாகும். கீழே இரண்டரை லட்சம் ஏக்கர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'உபரியை மட்டும்தான் எடுப்போம்' என்று சொன்னால், எது உபரி, யார் முடிவு செய்வது என்று அடுத்த கேள்வி வரும்.

கடைசியில் எடுத்த முடிவு எளிமையானது. தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் கடைக்கோடிக்குக் கொண்டுபோய், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வைத்தார்கள். பவானியின் பாசனக்காரர்கள் எல்லோரும் எடுத்து முடித்த பிறகு ஓடுவதுதான் அந்த இடத்துக்கு வரும். அங்கிருந்து விநாடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டி.எம்.சி. ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள்.

தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் கரண்டுச் செலவு ஒவ்வொரு வருஷமும் உண்டு. மேலிருந்து புவியீர்ப்பில் கொண்டுவந்திருந்தால் அந்தச் செலவு குறைந்திருக்கும். ஒரு கணக்காளரிடம் காட்டினால் 'இது என்ன முட்டாள்தனம்' என்பார். கீழ்பவானிக்காரரின் சம்மதத்துக்குக் கொடுக்கிற விலைதான் அந்தக் கரண்டு பில். என்னைக் கேட்டால் மலிவு. கோர்ட்டில் இன்னும் இருபது வருஷம் கிடப்பதைவிட மலிவு. டெல்டாக்காரரைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. காளிங்கராயனுக்குக் கீழே ஓடுவதும் யாரோ ஒருவருக்குப் போகிற தண்ணீர்தான்.

மேசையைச் சட்டமே போட்டால்

இதையெல்லாம் போராட்டம், கோர்ட், பேச்சுவார்த்தை என்று சுற்றி வராமல், முறையாகச் செய்யும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம். 1950களில் ஏழு வருஷம் பிடித்து ஆட்டிய பஞ்சம் அவர்களுக்கு மறக்கவில்லை. 1997ல் ஒரு சட்டம் போட்டு மாநிலத்தை 16 நீர்த் திட்டமிடல் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு. விவசாயம், நகராட்சி, தொழில், மின் உற்பத்தி, சுற்றுச்சூழல், சிறு வணிகம், பொதுமக்கள் என்று எந்தெந்தத் தரப்புக்கு இடம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. அடுத்த 50 வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எதை வைத்துத் திட்டமிடுவது? அந்தப் பழைய பஞ்சம் இன்று திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து.

கடைசி வரிதான் முக்கியம். நாம் சராசரி மழையை வைத்துப் பேசுகிறோம். சராசரி மழை பெய்தால் பங்காளிகள் எல்லோரும் நல்லவர்கள்தான். இதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அங்கேயும் சண்டை இல்லாமலில்லை. டல்லஸ் பகுதிக் குழு, பக்கத்துப் பகுதியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்று தன் திட்டத்தில் எழுதுகிறது. நிலம் முழுகப் போகிற அந்தப் பக்கத்துப் பகுதிக் குழுவோ, கூடாது என்று தன் திட்டத்தில் எழுதுகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த இழுபறி. குழுவுக்குள் எல்லோரையும் உட்காரவைத்தாயிற்று. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் மேசை போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

நம் பக்கத்தில் 2003ல் ஒரு முயற்சி நடந்தது. தமிழக, கர்நாடக விவசாயிகள் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒரு குழு அமைத்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் கூட நின்றது. மண்டியாக்காரர் டெல்டாவுக்கு வந்து வயலைப் பார்த்தார், இங்கிருந்தும் அங்கே போனார்கள். பங்கீடு எதுவும் அதில் முடிவாகவில்லை. அது கடைசியில் 2018ல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஆனாலும், எதிராளியின் வயலில் பயிர் காய்ந்து நிற்பதை நேரில் பார்த்தவர் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

செய்தித்தாளின் மூலையில்

இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் அறிக்கை எதுவும் படிக்க வேண்டியதில்லை. ஈரோடு, கோவைப் பதிப்பு நாளிதழ்களில் பவானிசாகர் நிலவரம் நாலு வரியில் வரும். நீர்மட்டம் 105 அடியில் இத்தனை, நீர்வரத்து இத்தனை கனஅடி, கீழ்பவானி வாய்க்காலுக்கு இத்தனை, தடப்பள்ளி–அரக்கன்கோட்டைக்கு இத்தனை, காளிங்கராயனுக்கு இத்தனை, குடிநீருக்காக ஆற்றில் இத்தனை. அந்த நாலு வரியே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். எந்த மாதத்தில் யார் எண் கூடுகிறது, வரத்து குறைந்தால் யாருடைய எண்ணில் முதலில் கை வைக்கிறார்கள் என்று ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும்.

பந்தியில் பார்த்த அந்தப் பெரியவரின் கிணறு அந்த நாலு வரியில் இன்னும் வரவில்லை. தினமும் தேடுகிறேன்.